பக்கத்துத் தோட்டத்துப் பனி

எங்கள் வீட்டு ஆப்பிள் மரம் நிற்பதில்லை. படுத்திருக்கும். அடிமரம் முழங்கால் உயரம்கூட வராது. அதற்குள் தெற்கே சாய்ந்துவிடும். கிளைகள் எல்லாம் மரக்கொக்கிகளுக்கு அடங்கித் தரையோடு தரையாக விரிந்து கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை மிதித்துவிட்டு, "மரம் எங்கே?" என்று கேட்பார்கள்.

எங்கள் சைபீரியாவில், யெனிசேய் ஆற்றங்கரையில் நல்ல ஆப்பிள் மரம் நிமிர்ந்து நின்றால் ஜனவரியில் பட்டை வெடித்துச் செத்துப்போகும். படுத்துக்கொண்டு பனியை இழுத்துப் போர்த்திக்கொண்டால் பிழைத்துக்கொள்ளும். ஓய்வு பெற்றதிலிருந்து நானும் சோபாவில் இதே கொள்கையைத்தான் கடைப்பிடிக்கிறேன். "மரம் அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கு கேஷா" என்பாள் என் மனைவி நோன்னா.

நோன்னா தெற்கே குபானில் பிறந்தவள். அங்கே அவர்கள் வீட்டு முற்றத்தில் வெள்ளை நலீவ் என்றொரு ஆப்பிள். நன்றாகப் பழுத்ததும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உள்ளே விதை தெரியுமாம். கல்யாணத்துக்கு முன்னால் இதைக் கேட்டுவிட்டு, "சைபீரியாவில் உனக்கு அதை வளர்த்துத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எதற்கு வேண்டுமானாலும் வாக்குக் கொடுக்கும் வயது.

அதன் பிறகு நான் நட்டவை எல்லாம் நிமிர்ந்து நின்றன, வரிசையாகச் செத்தன. மிச்சம் இருந்தது எங்கள் ஊர் ரனெத்கா மட்டும். கோலிக்குண்டு அளவு ஆப்பிள், கடித்தால் காது வரை புளிக்கும், ஆனால் எந்தக் குளிருக்கும் அசையாது. "எங்கே என் ஆப்பிள்?" என்று நோன்னா கேட்கும்போதெல்லாம் ரனெத்கா ஜாம் பாட்டிலை நகர்த்தி வைப்பேன். பல வருஷம் அந்த ஜாம்தான் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது.

கடைசியில் புத்தி வந்தது. குபானிலிருந்து மைத்துனன் ஈரத்துணியில் சுற்றி அனுப்பிய குச்சியை, ரனெத்கா விதையில் முளைத்த கன்றின்மேல் ஒட்டினேன். ஒட்டு பிடித்ததும் நிமிர விடவில்லை. தளிராக இருக்கும்போதே வளைத்துப் படுக்கவைத்தேன். கீழே சைபீரியா, மேலே குபான், நடுவே என் கறுப்பு இன்சுலேஷன் டேப். எங்கள் கல்யாணமும் ஏறக்குறைய அப்படித்தான்.

போன இலையுதிர்காலத்தில் முதன்முறையாகப் பூமொட்டு தென்பட்டது. இலைமொட்டு போல ஒல்லியாக இல்லாமல், குண்டாக, ரோமத்தோடு. நோன்னா குனிந்து ஒவ்வொன்றையும் விரலால் தடவினாள்.

பனி நன்றாக விழுந்து மூடிவிட்டால் மொட்டு பிழைக்கும், விழாவிட்டால் போயிற்று. நான் கவலைப்படவில்லை. ஆயுசு முழுக்க வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவன். "அக்டோபர் கடைசியில் முழங்கால் ஆழம் பனி" என்று தெரு முழுக்க அறிவித்துவிட்டு, தேவதாரு தழைகூட வெட்டிப் போடாமல் சோபாவுக்குப் போய்விட்டேன்.

என் பேச்சை நம்பாதவன் ஒருவன்தான். பக்கத்துத் தோட்டத்து லுகிச். ஆற்றுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். என் மரத்துக்கு அவன் வைத்த பெயர் 'குடிகார மரம்'. ஆனாலும் அதற்கு முந்தைய குளிர்கால முடிவில் வந்து, ஒட்டுக்கு ஒரே ஒரு குச்சி கேட்டான். "உனக்குக் கை நடுங்கும், குச்சி வீணாப்போகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமே மரத்தில் ஒரு குச்சி காணோம். வெட்டு சாய்வாக, கத்தி போட்டது போல இருந்தது. முயல் கடித்தால் அப்படித்தான் இருக்கும். கோடை முழுக்க அந்த முயலின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன். லுகிச் அனுதாபத்தோடு கம்பிவலை கொண்டுவந்து கொடுத்தான். நோன்னா சூப்பைக் கலக்கிக்கொண்டே, "பாவம், அதுக்கு என்ன கஷ்டமோ" என்றாள்.

அக்டோபர் வந்தது, போனது. நவம்பரில் கொஞ்சம் பனி தூவியது. ஆற்றுக் காற்று அதை என் தோட்டத்திலிருந்து சுத்தமாகக் கூட்டி வாரிக்கொண்டு போய் லுகிச் வீட்டில் கொட்டியது. அவன் பனியைப் பிடிக்கப் பலகைத் தட்டிகள் நட்டு வைத்திருந்தான். என் மரம் அம்மணமாகக் கிடந்தது. அவன் பக்கம் இடுப்பளவு குவியல். அன்று சாயங்காலம் ரேடியோவில் சொன்னார்கள்: நாளை மறுநாள் மைனஸ் நாற்பது.

நோன்னா ரேடியோவை அணைத்தாள். "உன் பனி லுகிச் வீட்ல இருக்கு. போய்க் கேளு."

போனேன்.

"லுகிச், என் பனி உன் பக்கம் வந்துடுச்சு."

"உன் பனியா? பேர் எழுதியிருக்கா?"

"என் தோட்டத்துல விழுந்த பனிய்யா. காத்து தூக்கிட்டு வந்துடுச்சு."

"அப்ப காத்துமேல கேஸ் போடு. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்தானே?"

"ஒரு பத்துத் தொட்டி குடு, போதும்."

"முழங்கால் ஆழம் வருதுன்னியே துரை, அதுல எடுத்துக்கோ. குச்சி கேட்டப்ப என் கை நடுங்குதுன்னே. இப்ப பனி குடுக்கவும் நடுங்குது, பாரு."

கையை நீட்டி ஆட்டிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

மானமுள்ள மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மறுநாள் காலை லுகிச் ரொட்டி வாங்க ஸ்டேஷன் கடைக்குக் கிளம்பியதும், தகரக் குளியல் தொட்டியைச் சறுக்குவண்டியில் கட்டிக்கொண்டு வேலி இடுக்கு வழியாகத் திருடப் போனேன். பனியில் பனி திருடுகிறவனுக்கு ஒரு சங்கடம்: போகும் தடம், வரும் தடம், தோண்டிய பள்ளம் எல்லாம் அப்படியே நிற்கும். அதைப் பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு தொட்டி கொண்டுபோய்க் கொட்டினேன். மூன்றாவதை நிரப்பும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டியது.

மரக்கொக்கி.

கையுறையால் துடைத்துப் பார்த்தேன். கொக்கிக்கு அடியில் விரல் தடிமன் குச்சி ஒன்று தெற்கே தலைவைத்துச் சமர்த்தாகப் படுத்திருந்தது. அடியில் ஒட்டு. நீல டேப். எங்கள் தெருவில் படுக்கவைக்க வேண்டிய ஆப்பிள் ஒரே ஒரு இனம்தான். அதுவும் ஒரே ஒரு மரத்தில்தான் உண்டு. அது என் மரம்.

"கேஷா! என் தோட்டத்துல என்ன பண்றே?"

லுகிச் பின்னால் நின்றான்.

"பனி திருடறேன். நீ கடைக்குப் போகலே?"

"பையை மறந்துட்டேன்." அதற்குள் அவன் கண் என் காலடிக்குப் போய்விட்டது.

"இது என்ன லுகிச்?"

"ஆப்பிள்."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

லுகிச் தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "முயல் கொண்டாந்து குடுத்துச்சு."

கத்தியிருப்பேன். ஆனால் அடுத்தவன் பனியைத் தொட்டி நிறைய வைத்துக்கொண்டு நிற்பவனுக்குக் கத்த என்ன உரிமை? காற்று வேறு கிளம்பிவிட்டது. மூக்குக்குள் மயிர் ஒட்டிக்கொள்ளும் குளிர். நான் தோண்டிய பள்ளத்தில் அந்தக் குச்சி அம்மணமாகக் கிடந்தது. யார் வீட்டில் கிடந்தால் என்ன, என் மரத்தின் பிள்ளை. தொட்டியைச் சாய்த்து மொத்தப் பனியையும் அதன்மேலேயே திருப்பிக் கொட்டினேன்.

லுகிச் குனிந்து குவியலைத் தட்டிச் சரிசெய்தான். பிறகு, "உன் மரத்துக்கு?" என்றான்.

"பார்க்கலாம். நாளைக்குப் பனி விழும்."

"உன் வாயால சொல்லாதேய்யா, வர்றதும் நின்னுடும்!" உள்ளே போய்த் தன் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். "ரயில் பாதைக்குக் கீழே பள்ளத்துல குவிஞ்சு கிடக்கு. சர்க்கார் பனி. யாரும் கேக்கமாட்டான்."

இருட்டும்வரை இழுத்தோம். நகரத்துக்குப் போகும் மின்சார ரயில் எங்களைக் கடந்தபோது ஜன்னல் முழுக்க முகங்கள். சைபீரியாவில் இரண்டு கிழவர்கள் எங்கிருந்தோ பனி கடத்துவதைப் பார்த்த அந்த ஜனங்கள் அன்றைக்கு வீட்டில் என்ன சொன்னார்களோ. நோன்னா முட்டைக்கோஸ் அடைத்துச் சுட்ட சூடான பிரோக் ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்தாள். மொட்டுக் கிளைகளின்மேல் மட்டும் எங்களை நம்பாமல் தானே கையால் பனியை அள்ளித் தூவினாள்.

நாற்பது வந்தது. அதற்குக் கீழும் போனது. ஏப்ரல் கடைசியில் பனி வடிந்ததும் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு நுனி கறுத்துவிட்டது. மற்றதெல்லாம் பச்சை. நான் அழவில்லை; ஆற்றங்கரைக் காற்றில் யாருக்கும் கண்ணில் நீர் வரும்.

ஆகஸ்ட் கடைசியில் நோன்னா மண்டியிட்டு முதல் பழத்தைப் பறித்தாள். படுத்த மரத்தில் பழம் பறிக்க எல்லாரும் மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். நானும் லுகிச்சும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"தெரியுது" என்றாள். கடித்தாள். முகவாயில் சாறு வழிந்தது. துடைக்காமல் இன்னொரு பழம் பறித்து லுகிச்சிடம் நீட்டினாள்.

"அவனுக்கு எதுக்கு?" என்றேன். "குடுக்கறதா இருந்தா அந்த முயலுக்குக் குடு. வேலை செஞ்சது அதுதானே."

"முயல் தின்னுக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் நோன்னா, மென்றபடியே.

லுகிச் அவசரமாக வானத்தைப் பார்த்தான்.

"அந்தக் குச்சியை நான்தான் வெட்டிக் குடுத்தேன் கேஷா" என்றாள் நோன்னா. "நம்ம மரம் போனாலும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கட்டும்னு. உன்னை நம்பி வடக்கே வந்தேன், வருத்தமே இல்ல. உன் வானிலையை நம்பி ஆப்பிளை விட முடியுமா?"

கோடை முழுக்க நான் திட்டிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சில வார்த்தைகள் மிகவும் மோசமானவை.

"நான் முயலைத் திட்டினது எல்லாம்... காதுல விழுந்துச்சா?"

"எல்லாம் விழுந்துச்சு" என்றாள். "மண்டிபோடு. அந்தக் கடைசிக் கிளையில பெரிசா ஒண்ணு இருக்கு, பறிச்சுக் குடு."