துணி மடிக்கும் பெண்

எங்கள் வட்டார மறுமலர்ச்சிக் கால ஆய்வுக் கழகத்தில் ஒரு கிறுக்குத்தனமான விதி உண்டு. கட்டுரையை எழுதியவர் அதை வாசிக்கக் கூடாது. வேறொருவர்தான் வாசிக்க வேண்டும், அதுவும் மேடை ஏறிய பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. எழுதியவர் முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாசித்து முடித்ததும் முதல் கேள்வி கேட்கும் உரிமை வாசித்தவருக்கு. தன் குரலில் தானே சொக்கிப்போகும் பேராசிரியர்களைக் கண்டு வெறுத்துப்போன யாரோ ஒரு புண்ணியவான் இதைத் தொடங்கிவைத்தாராம். கழகத்தின் செயலாளர் என்ற முறையில் புதிதாகச் சேர்பவர்களுக்கெல்லாம் நான்தான் இதை விளக்குவேன்.

போன ஆண்டுக் கூட்டத்துக்குக் கட்டுரை கொடுத்தவர் என் அண்ணி, என் கணவரின் அக்கா. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். கல்லூரியில் படிக்கும்போது ஏதோ ஒரு புத்தகத்தில் அந்த ஓவியத்தைப் பார்த்திருக்கிறார். ஜன்னலோரம் நின்று துணி மடிக்கிற ஒரு பெண். ஐந்நூறு ஆண்டுப் பழைய படம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. கல்யாணம், பிள்ளைகள், படுக்கையில் விழுந்த மாமனார் என்று ஆராய்ச்சிப் படிப்பு பாதியில் நின்றது. பிள்ளைகள் வேலைக்குப் போனதும் மறுபடியும் தூசி தட்டி எடுத்தார். "அக்கா செத்தவங்களோட குடித்தனம் நடத்துறா" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அண்ணி அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

ஆனால் அந்த ஓவியத்தை அவர் நேரில் பார்த்ததே இல்லை. எல்லாம் அச்சுப் படங்கள்தான். ஆண்டின் சிறந்த கட்டுரை எழுதியவரைக் கழகம் தன் செலவில் அனுப்பிவைக்கும், எதைப் பற்றி எழுதினாரோ அதைப் போய்ப் பார்த்துவிட்டு வர. அண்ணி கட்டுரை எழுதியது அதற்காகத்தான், மறைக்க ஒன்றுமில்லை. அந்த ஓவியம் இருக்கும் வெளிநாட்டுக் காட்சியகத்தை அடுத்த ஆண்டு பழுதுபார்க்க மூடுகிறார்கள். திரும்ப எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது விட்டால் விட்டதுதான்.

யார் வாசிப்பது என்று முடிவுசெய்வது தலைவர். ஓய்வுபெற்ற கண் மருத்துவர், எதையும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். "நாத்தனார் எழுதினதுல குத்தம் கண்டுபிடிக்க தம்பி பொண்டாட்டியை விட்டா வேற யாரும்மா?" என்று சொல்லிவிட்டு உறையை என் கையில் திணித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

எங்கள் கூட்டம் நடப்பது ஒரு ஓட்டுநர் பயிற்சி நிலையத்தின் மாடியில். மடக்கு நாற்காலிகள், கடகடவென்று சுற்றும் மின்விசிறி. கீழே யாராவது வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகிக்கொண்டே இருப்பார்கள். திரையில் அந்த ஓவியம். எங்கள் புரொஜெக்டரின் புண்ணியத்தில் அந்தப் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்தது போலிருந்தது.

வாசிக்க ஆரம்பித்தேன். அண்ணியின் எழுத்து நன்றாக இருந்தது, பொறாமைப்படும் அளவுக்கு நன்றாக இருந்தது. அந்த ஓவியர் எப்போதும் தூரிகையை அகலமாக வீசி வரைகிறவர். துணி மடிக்கும் பெண்ணில் மட்டும் சின்னச் சின்னக் கீற்றுகள், பொறுமையான கீற்றுகள். ஏன் இப்படி? கண்டெடுத்து அதிக நாளாகாத ஒரு கல்லறைக் கல்லின் புகைப்படத்தை வைத்து அண்ணி விடை சொல்லியிருந்தார். ஓவியத்தின் மூலையில் 1514 பிப்ரவரி என்று எழுதியிருக்கிறது. ஓவியர் 1514 நவம்பரில் இறந்தார் என்கிறது கல்லறை. ஆக, பிப்ரவரியிலேயே அவர் நோயில் விழுந்திருக்க வேண்டும், கையில் தெம்பு இல்லாததால்தான் கீற்றுகள் சிறுத்துவிட்டன.

அங்கே என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓவியர் வாழ்ந்த ஊரில் அந்தக் காலத்தில் ஜனவரியில் புத்தாண்டு பிறப்பதில்லை. மார்ச் மாதக் கடைசியில்தான் பிறக்கும், பிப்ரவரி ஆண்டின் முடிவில் வரும். அதனால் 1514 பிப்ரவரி என்றால் அது 1514 நவம்பருக்கு முன்னால் வருவதில்லை, பின்னால் வருகிறது. இந்தத் துறைக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு முதல் பாடமே இதுதான். அண்ணிக்குத் தெரியாததா? தலைகீழாகத் தெரியும். கல்லறை கிடைத்த குஷியில் நம் வீட்டுச் சுவர்க் காலண்டர் கணக்கில் போட்டுவிட்டார். கட்டுரையின் அடித்தளமே போச்சு.

அந்த வரியை இன்னொரு முறை, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். படித்துவிட்டு அண்ணியைப் பார்த்தேன். அவர் 'என்ன தடுமாறுறே?' என்பது போல முறைத்தார். எங்கள் பொருளாளர் வங்கி மேலாளர். எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்பதால் அவருக்கு 'ஆதாரம்' என்றே பெயர். அவர் எழுந்தார்.

"ஒரே வரியை ரெண்டு தடவ படிக்கலாமா? விதியில இருக்கா?"

"படிக்கக் கூடாதுன்னும் இல்ல. உட்காருங்க சார்" என்றேன்.

மீதியை எப்படி வாசித்து முடித்தேன் என்று தெரியவில்லை. கைதட்டினார்கள், நன்றாகவே தட்டினார்கள். யாரும் கவனிக்கவில்லை. ஆதாரம்கூடத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முதல் கேள்வி என்னுடையது. நிறம் பற்றி, படத்தின் மரச்சட்டம் பற்றி ஏதாவது மொக்கையாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் அண்ணி விமானம் ஏறிவிடுவார். கேட்க வேண்டியதைக் கேட்டால் நானே அவர் பெட்டியைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பியது போலாகும். ஆனால் கட்டுரை அச்சில் வரும். எங்கோ ஒருவன் ஒரே ஒரு அடிக்குறிப்பில் அண்ணியைக் கேலிப்பொருளாக்கிவிடுவான். அதை என்னால் தாங்க முடியாது. அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அண்ணி," என்றேன். சபையில் அப்படிக் கூப்பிடுவதில்லை, வாய் தவறிவிட்டது. "அந்த ஊர்ல புது வருஷம் எப்போ பொறக்கும்?"

அண்ணி எழுந்தார். "மார்ச் கடைசில. அதுக்கென்ன இப்..."

நின்றுவிட்டார். முகம் வெளிறுவதைப் பார்த்தேன். தலைவரின் சுருங்கிய கண் விரிந்தது. பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"அப்போ என் கட்டுரை தப்பு," என்றார். "மொத்தமும் தப்பு. அவரு நோயில எல்லாம் வரையல."

"பரவாயில்லம்மா, உட்காருங்க. யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் தலைவர்.

அண்ணி உட்காரவில்லை. மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தார். நெருங்கிப் போனார். புரொஜெக்டர் வெளிச்சம் அவர் முதுகில் விழ, அந்தப் பெண்ணின் பாதித் துணி அண்ணியின் புடவையில் தெரிந்தது.

"டாக்டர், நவம்பர்ல அவரைப் பொதைச்சாச்சு," என்றார். "அதுக்கு மூணு மாசம் கழிச்சு இதை வரைஞ்சிருக்காங்க. செத்தவரு எழுந்து வந்தா வரைஞ்சாரு? இது அவர் கையே இல்ல. அதான் கீத்து சின்னதா இருக்கு. தெம்பில்லாத கைன்னு எழுதிட்டேனே, பாவி! பாருங்க, எவ்வளவு உறுதியா இருக்கு!"

பின்வரிசைக்காரர்கள் நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

"அப்போ வேற யார் வரைஞ்சது? ஆதாரம்?" என்றார் ஆதாரம். வழக்கமான மிரட்டல் அதில் இல்லை, ஆசையாகவே கேட்டார்.

"தெரியாது சார். அந்த வீட்டுல யாரோ. பொண்டாட்டியோ, மகளோ, கூட வேலை பாத்தவங்களோ. இந்த அச்சுப் படத்தை வச்சுக்கிட்டு சொல்ல முடியாது. யாராவது போய், கிட்ட நின்னு, மத்த ஓவியங்களோட ஒப்பிட்டுப் பாக்கணும்." அண்ணி நிறுத்தினார். "நான்தான் போகணும்னு இல்ல. யாராவது மூடுறதுக்குள்ள போயிருங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். தப்பான கட்டுரைக்குப் பரிசு கொடுக்க விதியில் இடமிருக்கிறதா என்று கேட்டார். கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை என்றேன். முதலில் கை தூக்கியது ஆதாரம். அப்புறம் எண்ணவே தேவைப்படவில்லை.

படியிறங்கும்போது என் வீட்டுக்காரர் அண்ணியைப் போனில் அழைத்தார். அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கையால் என் முழங்கையை வலிக்கும்படி பிடித்திருந்தார்.

"ஆமாடா தம்பி, என்னைத்தான் அனுப்புறாங்க," என்றார், அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு. "இல்லடா, நல்லா எல்லாம் எழுதல. தப்பா எழுதியிருந்தேன். உன் பொண்டாட்டி சபையில வச்சு மானத்தை வாங்கிட்டா. அவளுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் போடு."