அளவுக்கல்லுக்கு ஒரு நிழல்

பீடோங் ரயில் ஸ்டேசனுக்கு எதிரே, ஊருக்கு நட்டநடுவில், ஒரு வெற்றிடம் கிடந்தது. ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரன் ஓடிய வாரத்தில் அங்கிருந்த கடை வரிசை எரிந்துபோனது. யார் கொளுத்தினது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அவரவருக்குப் பிடிக்காத ஆளின் பெயராக அது இருந்ததால் நான் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. மிஞ்சியது மனையின் மத்தியில் ஒரு துணிக்கடையின் சுவரும், அதன்மேல் சாய்ந்து நின்ற தகரமும்தான். மற்றதெல்லாம் கரி, செங்கல், லாலான் புல்.

இந்த இடத்தை பஸ்ஸும் மாட்டு வண்டியும் வந்து நிற்கிற நிலையமாக மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் எஞ்சினியர் இல்லை. சண்டைக்கு முன்னால் சுங்கை பட்டாணி பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். பஸ்ஸை ராணுவம் எடுத்துக்கொண்டது. டிக்கெட்டும் தீர்ந்துபோனது. கிழிக்கிற விரல்கள் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தன.

“பஸ்ஸுல அத்தன வருசம் நின்னவனுக்கு பஸ் நிக்கிற எடம் தெரியாதா, சுப்பிரமணியம்?” என்றார் துபாசி இராமநாதன்.

முன்பு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் அவர். அவசர அவசரமாக ஜப்பான் பாஷை படித்திருந்தார். அவர் வாயைத் திறந்தால் ஜப்பான் அதிகாரி அதை இங்கிலீஷ் என்று நினைத்துக்கொள்வார், நாங்கள் ஜப்பான் பாஷை என்று நினைத்துக்கொள்வோம். யாருக்கும் மரியாதை குறையவில்லை.

நகர அதிகாரியின் பெயர் மொரிதா. ஒரு தாளில் அவரே படம் போட்டுக் கொடுத்தார். பஸ்கள் சடக்கிலிருந்து, அதாவது ரோட்டிலிருந்து, நேராக உள்ளே வர வேண்டும், வரிசையாக நிற்க வேண்டும், அப்படியே பின்னோக்கிப் போய் வெளியேற வேண்டும். படம் அணிவகுப்பு மாதிரி அழகாக இருந்தது. அணிவகுப்பின் நடுவில் அந்தச் சுவர் இருந்தது. “இது இருக்கக் கூடாது” என்று அதன்மேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். முதல் பஸ் அடுத்த வெள்ளிக்கிழமை வரும், தானே வந்து பார்ப்பேன் என்றார்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பெருக்கல் குறிக்கு அடியில் மருதம்மாள் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.

சுவரின் நிழலில், அந்தத் தகரத்துக்குக் கீழே அவள் கடை. ஒரு அடுப்பு, ஒரு மண்ணெண்ணெய் டின், வாழையிலைத் துண்டுகள். அரிசி கண்ணில் படாத அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் அங்கேதான் பசியாறுவார்கள். அவள் புருஷன் அய்யாவுவை, சயாமில் ரயிலுக்குக் கம்பிச் சடக்கு போட ஆள் சேர்த்தபோது கொண்டுபோய்விட்டார்கள்.

“அக்கா, வேற எடம் பாத்துக்குங்க. காய்கறி விக்கிற பாசார் பக்கம் நல்லா இருக்கும்” என்றேன். இந்த மாதிரிச் சொல்லும்போது நான் தரையைப் பார்ப்பது வழக்கம்.

“அவரு சொல்லிட்டுப் போனாரு தம்பி. ஸ்டேசன்ல எறங்கினா நேரா கண்ணுல படற எடத்துல இருன்னாரு. பாசார் பக்கம் போனா எப்பிடித் தெரியும்?”

“ஆளுங்ககிட்ட கேட்டா சொல்ல மாட்டாங்களா?”

“அவரு யாருகிட்டயும் எதுவும் கேக்க மாட்டாரு. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து உப்பு எங்கன்னுகூட என்னைக் கேட்டதில்ல. தானே தேடுவாரு, கெடைக்கலன்னா உப்பில்லாம சாப்பிடுவாரு.”

கிழங்கு வாங்கித் தின்றேன். நல்ல உப்பு.

வேலை அளப்பதில் தொடங்கியது. முதல் நாள் மரமுளைகள் அடித்தேன். மறுநாள் காலை ஒன்றும் இல்லை. ஊரே விறகுக்கு அலைந்துகொண்டிருந்தபோது நான் தரையில் விறகு நட்டு வைத்திருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சரி, கல் வைக்கலாம் என்று வைத்தேன். இடிந்து கிடந்த ஆயிரம் கல்லில் என் கல் எது என்று எனக்கே தெரியவில்லை. சாயம் பூசலாம் என்றால் ஊரில் சாயம் கிடையாது.

கடைசியில் என் பெண்சாதி குணவதியின் அஞ்சறைப் பெட்டியில் கை வைத்தேன்.

“மஞ்சளா? எதுக்கு?”

“சர்க்கார் வேலைக்கு.”

“குங்குமம்?”

“அதுவும் சர்க்கார் வேலைக்குத்தான்.”

“சர்க்காருக்குக் கல்யாணமா?” என்றாள்.

ஒவ்வொரு மூலைக்கும் ஒரு நல்ல கல்லாகப் பார்த்து நிறுத்தி, தூரத்திலிருந்து தெரியட்டும் என்று மஞ்சள் பூசினேன். எந்தப் பக்கம் கயிறு பிடிக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக நடுவில் குங்குமத்தால் ஒரு பொட்டு. எட்டி நின்று பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. இந்த யோசனை எந்த எஞ்சினியருக்கும் வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு மட்டும் சரிதான்.

மறுநாள் காலை ஒவ்வொரு கல்லின் தலையிலும் செம்பருத்தி இருந்தது. ஒன்றின் முன்னால் கற்பூரம் எரிந்த கரி. இன்னொன்றுக்கு யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. யார், எதற்கு என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். செங்கல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தோட்டத்து ஆட்கள் கூடையோடு வந்தார்கள். முன்பெல்லாம் மனைக்குக் குறுக்கே நடந்து போனவர்கள், இப்போது கல்லைக் கண்டதும் நின்று, டயர் செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு சுற்றிப் போனார்கள். காடு வெட்டினால் முதலில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த மரத்தில் கத்தி வைப்பார்கள் அவர்கள். பொட்டு வைத்த கல்லைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள்? அதை நான் யோசித்திருக்க வேண்டும். நானும் அதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தானே.

எழுந்துபோய் ராக்காயி என்ற கிழவியிடம் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். “இது என்ன சாமி ஆத்தா?”

“தெரியாதா? முனி. கடையெல்லாம் எரிஞ்சப்ப எரியாம உள்ள இருந்தவரு. இப்பத்தான் வெளிய வந்திருக்காரு.”

“யாரு கொண்டுவந்து வச்சா?”

“அவரை யாருய்யா கொண்டுவந்து வைக்க முடியும்?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினேன்.

அதற்கும் மறுநாள் ஒரு கல்லைக் காணவில்லை. வடக்கு மூலையில் நான் நிறுத்தியது. தேடிக்கொண்டே போனால், மருதம்மாள் கடைக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, தகரத்தின் நிழலில் சுகமாக உட்கார்ந்திருந்தது. மஞ்சள் புதிதாக இருந்தது.

“அக்கா, இந்தக் கல்லு அங்கல்ல இருந்துச்சு?”

“ஆமா. நான்தான் தூக்கிட்டு வந்தேன்.”

“ஏன்?”

“வெயில்ல கெடந்தாரு பாவம்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகைக்காகச் சுருங்கிய முகமா, சிரிப்பை அடக்கிய முகமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சந்தேகம் என்னை மூன்று நாள் அரித்தது. இவள் நிஜமாகவே கும்பிடுகிறாளா, அல்லது சுவரைக் காப்பாற்ற ஆள் வைத்திருக்கிறாளா?

சுவரை இடிக்க நான் கூப்பிட்ட கூலிக்காரர்கள் கல்லைப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நானே இடிக்கலாம் என்று கடப்பாரையை எடுத்தேன். அது என் கல், என் மஞ்சள், என் பெண்சாதியின் குங்குமம். ஆனாலும் கை ஓங்கவில்லை. வியாழக்கிழமையும் போனது.

வெள்ளிக்கிழமை கரி பஸ் வந்தது. பெட்ரோல் இல்லாததால் முதுகில் கொதிகலன் மாதிரி ஒரு டிரம்மைக் கட்டி, கரிப்புகையில் ஓடுகிற பஸ். ஓட்டி வந்தவன் இருளப்பன். மொரிதா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இராமநாதன். நாங்கள் எல்லோரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டோம். நிமிர்ந்தபோது மொரிதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அவர் என்னைப் பார்த்தார். அடுத்து என் கன்னத்தில் ஒன்று விழுந்தது. பஸ்ஸுக்குள்ளே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

இராமநாதன் மெதுவாக, “கோவமா இருக்காரு” என்று மொழிபெயர்த்தார்.

மொரிதா கையைக் காட்டினார். சுவர் இருந்தால் என்ன, பஸ் அதன் முன்னால் போய் நிற்கட்டும், பிறகு பின்னால் வரட்டும், இப்போதே பார்க்க வேண்டும்.

இருளப்பன் சன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “அண்ணே, இது பின்னால போகாதுலா. ரிவர்ஸ் போட்டா அப்பிடியே படுத்துரும். மறுபடி கரி போட்டு விசிறி எழுப்பறதுக்குள்ள பொழுது போயிரும்.”

“துரைகிட்ட நீயே சொல்லேன்.”

“கன்னம் உங்களுக்குத்தான் பழகிருச்சே, நீங்களே சொல்லுங்க” என்றவன், அப்போதுதான் கல்லைப் பார்த்தான்.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். குனிந்து காலில் ஏதோ செய்தான். செருப்பைக் கழற்றினான் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸை மெல்ல நகர்த்தி, சுவருக்கு இடப்பக்கமாக உள்ளே போய், அதன் பின்புறமாகச் சுற்றி, கல்லைத் தன் வலக்கைப் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு முழு வட்டம் வந்தான். உள்ளே இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டபடி வந்தார்கள். பஸ் நிற்கவில்லை, அணையவில்லை, பின்னால் போகவும் இல்லை. சடக்கைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றது. பின்னாலேயே வந்த அம்மாசியின் மாட்டு வண்டியும் அதே மாதிரி சுற்றியது. மாட்டுக்குச் சாமி தெரியுமோ தெரியாது, முன்னால் போன தடம் தெரிந்தது.

மொரிதா தாளை எடுத்தார். படத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மருதம்மாள் அடுப்புக்கு முன்னால் எழுந்து நின்றிருந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. மொரிதா பென்சிலை எடுத்து, பெருக்கல் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வட்டத்தின்மேல் அம்புக்குறிகள். பிறகு கல்லைக் காட்டி என்னவோ கேட்டார்.

“இது என்னன்னு கேக்குறாரு” என்றார் இராமநாதன்.

“வண்டியெல்லாம் எப்பிடிச் சுத்தணும்னு காட்டற கல்லுன்னு சொல்லுங்க.” பொய் இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து அது அதுதான்.

இராமநாதன் நீளமாக ஏதோ சொன்னார். மொரிதா தலையாட்டினார். என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தார்.

“என்ன சொன்னாரு?”

“நல்ல வேலையாம்.”

கன்னத்தைத் தடவிக்கொண்டேன். வேறு யாருக்காவது கொடுக்கிறேன் என்று அந்த அறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அது அங்கேயே இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மருதம்மாள் கடைக்குப் போனேன். வாழையிலையில் கிழங்கு வைத்தாள், இரண்டு துண்டு அதிகமாக.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அது நான் வச்ச அளவுக்கல்லுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“நீங்க குனிஞ்சு குனிஞ்சு மஞ்சள் பூசினத இங்கேர்ந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன். பொட்டு கோணலா வச்சீங்க. நான்தான் நேராக்கினேன்.”

“அப்ப கும்பிட்டதெல்லாம்?”

“கும்பிட்டேன்.”

“தெரிஞ்சே?”

“பூசினது நீங்க. பூசினப்புறம் வந்து உக்காந்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

ஸ்டேசனில் வடக்கேயிருந்து வந்த ரயில் நின்றது. மருதம்மாள் பேச்சை விட்டுவிட்டு, கையை நெற்றியில் வைத்து வாசலைப் பார்த்தாள். நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். ஒருவர் எங்கள் பக்கம் பார்த்தார். அவர் அய்யாவு இல்லை. ஆனால் ஸ்டேசன் வாசலில் நின்று பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது மஞ்சள் கல்லும் அதற்குப் பக்கத்தில் அவளும்தான் என்பதை அவர் கண் போன திசையில் நான் கண்டேன். யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை.

அவர் சடக்கைத் தாண்டி வந்து, கல்லைச் சுற்றிவிட்டு, கிழங்கு இருக்கிறதா என்று கேட்டார்.