அபிராமுக்கு ஒரு வேண்டாம்

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்குப் பின்புறம் இருக்கிற அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குள் புதிதாக யார் வந்தாலும் முதலில் தும்முவார்கள். அப்புறம்தான் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். ஒருத்தன் ஜன்னல் கம்பியில் தொங்குவான், ஒருத்தி தரையில் மல்லாந்து படுத்துப் பாடிக்கொண்டிருப்பாள், இந்த அமளிக்கு நடுவில் அபிராம் மட்டும் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பான். நாலு வயசு. பேச்சு வரவில்லை. கொடுத்ததைத் தின்பான், கூப்பிட்ட இடத்துக்கு வருவான். தங்கமான பிள்ளை என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள். ஸுப்ரியா டீச்சரும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளையாவது தொந்தரவு தராமல் இருந்தால் எந்த டீச்சர்தான் குருவாயூரப்பனுக்கு நன்றி சொல்ல மாட்டாள்?

அந்த நினைப்பில் மண் விழுந்தது ஒரு மழை நாளில். வாசலில் கழற்றிப் போட்ட ஷூக்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிற அவசரத்தில் ஸுப்ரியா வேறொரு பையனின் ஷூவை அபிராமுக்கு மாட்டிவிட்டாள். அதே நீலம், அதே ஒட்டுப் பட்டை, ஆனால் ஒரு அளவு சின்னது. பையன் அதைப் போட்டுக்கொண்டே படகுத்துறைப் பக்கம் இருக்கிற வீடுவரை அம்மா கையைப் பிடித்து நடந்து போனான். வாயைத் திறக்கவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் அம்மா அம்பிளி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. அம்பிளிக்கு அந்தச் சுக்குக் கிடங்கில்தான் வேலை. வேலைக்குப் போகிற வழியில்தான் மகனை இங்கே விடுவாள்.

"டீச்சரே, என் புள்ளைக்குத்தான் வாய் இல்லை, உங்களுக்குக் கண்ணுமா இல்லாமப் போச்சு?"

"என் தப்புதான் அம்பிளி. நான் பார்த்திருக்கணும்" என்றாள் ஸுப்ரியா.

"தப்புன்னு பறஞ்சா தோல் திரும்பி வந்திடுமா? கிடங்கில என் இடத்துக்கு வேற ஆள் கிட்டட்டும். மாசக் கடைசிவரைக்கும் கொண்டுவிடறேன். அப்புறம் நான் வேலையை விட்டுட்டு இவனை வீட்டிலயே நோக்கிக்கறேன். இங்க வந்து இவன் என்ன படிச்சான்?"

ஸுப்ரியாவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் பதில் அவளிடம் இருந்தது, அது அவளுக்கே பிடிக்கவில்லை. பேச்சு வராத பிள்ளைகளுக்கு அங்கே பட அட்டைகள் உண்டு. தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்ப் படத்தை எடுத்து டீச்சர் கையில் கொடுக்க வேண்டும். பிஸ்கட், ஊஞ்சல், பாத்ரூம், எல்லாவற்றுக்கும் அபிராம் படம் கொடுப்பான். கேட்பதற்கு இத்தனை சொல்லிக்கொடுத்தவள் மறுப்பதற்கு ஒன்று சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் கடித்து, உதைத்து, ஊரைக் கூட்டுகிற பிள்ளையாக இருந்திருந்தால் என்றைக்கோ சொல்லிக்கொடுத்திருப்பாள். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினானே, அதுதான் அவனுக்கு வந்த வினை.

அன்றைக்கே ஓர் அட்டையில் உள்ளங்கையை நீட்டித் தடுக்கிற மாதிரி ஒரு கையை வரைந்தாள். அதன் பெயர் வேண்டாம்.

அதைப் பழக்க இரண்டு பேர் வேண்டும். பிள்ளைக்குப் பிடிக்காததை ஒருவர் முன்னால் நீட்ட வேண்டும். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்துக் கொடுக்க வைக்க வேண்டும். பின்னால் உட்கார ஆயா சரோஜம்மா வந்தாள். முன்னால் நீட்ட ஸுப்ரியா வேகவைத்த பாவக்காய்த் துண்டோடு உட்கார்ந்தாள். உலகத்தில் எந்தப் பிள்ளைக்குப் பாவக்காய் பிடிக்கும்?

அபிராம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கட்டியது. மென்றான். விழுங்கினான்.

"ஐயோ என்றெ பகவானே!" சரோஜம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "டீச்சரே, இந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்." மிச்சமிருந்த துண்டையெல்லாம் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு, அதன் கசப்புக்கு டீச்சரைத் திட்டினாள்.

இது பெரிய சங்கடமாகப் போய்விட்டது. எதையும் மறுக்காதவனுக்கு எது பிடிக்கவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸுப்ரியா அவன் முகத்தையே பார்த்துப் பார்த்துச் சலித்தாள். ஒருநாள் மைதா மாவு பிசைந்து பொம்மை செய்கிற நேரத்தில் ஒரு குழந்தை கிண்ணத்தைக் கவிழ்க்க, அவள் தரையில் குனிந்து துடைத்தாள். அப்போது அபிராமின் பாதம் கண்ணில் பட்டது. அவன் கையில் ஈர மாவு ஒட்டியிருந்தது. மேலே முகம் சாந்தமாக இருந்தது. கீழே பத்து விரலும் உள்பக்கமாகச் சுருண்டு இறுகியிருந்தன. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாசமாக அவன் காலால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு வழி கிடைத்துவிட்டது. மாவு கையில் படும், கால்விரல் சுருளும், உடனே சரோஜம்மா அவன் கையைப் பிடித்து அட்டையைக் கொடுக்க வைப்பாள். "வேண்டாமா? சரி, வேண்டாம்" என்று ஸுப்ரியா மாவை எடுத்துவிட்டுக் கையைத் துடைத்துவிடுவாள். முதல் சில நாள் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருநாள், மாவு போனதும், அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். நீயா எடுத்தாய் என்பது போல ஒரு பார்வை. அன்றைக்கு ஸுப்ரியா சரோஜம்மாவுக்குப் பழம்பொரியும் சாயாவும் வாங்கிக் கொடுத்தாள். ஆனாலும் சரோஜம்மா அவன் முழங்கையைத் தொட்டால்தான் அட்டை வரும், தொடாவிட்டால் வராது. மாசக் கடைசியும் வந்துவிட்டது.

கடைசி நாள் காலையில் அபிராம் புது ஷூவோடு வந்தான். சிவப்பு நிறம், அடி வைத்தால் விளக்கு எரியும்.

"ஒரு சைஸ் பெரிசா நோக்கி வாங்கினேன், இனி கடிக்காது" என்றாள் அம்பிளி. சொல்லும்போது டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். ஸுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

மத்தியானம் அம்பிளி அழைத்துப் போக வந்தாள். ஸுப்ரியா அவனுடைய அட்டைகளை ஒரு வளையத்தில் கோத்து, பையோடு சேர்த்து அவன் கையில் கொடுத்தாள். அம்பிளி வாசற்படியில் அவனை உட்காரவைத்து இரண்டு ஷூவையும் மாட்டிப் பட்டையை ஒட்டினாள். "வா மோனே, போகாம்."

அபிராம் எழுந்திருக்கவில்லை. வளையத்தைப் புரட்டினான். ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு வளையத்தோடு அம்மா கையில் வைத்தான்.

"இதை எதுக்கு எங்கிட்டத் தரான்?" அம்பிளி அதைத் திரும்பப் பைக்குள் போட்டாள். அவன் மறுபடி எடுத்து மறுபடி அவள் கையில் வைத்தான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. சரோஜம்மா கதவோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம்ங்கறான் அம்பிளி" என்றாள் ஸுப்ரியா. "உங்ககிட்டதான் சொல்றான்."

"எது வேண்டாம்?"

"எனக்கும் தெரியலை. ஷூவைக் கழட்டிப் பாருங்கோ."

அம்பிளி வலது ஷூவைக் கழற்றினாள். விரல்கள் சுருண்டிருந்தன. உள்ளே கையை விட்டுத் துழாவினாள். வெளியே எடுத்தபோது கையில் ஒரு காகித உருண்டை இருந்தது. புது ஷூவின் முனை நசுங்காமல் இருக்கக் கடைக்காரன் திணித்து வைப்பானே, அது. காலையில் எடுக்க மறந்திருக்கிறாள். பிள்ளை அதோடுதான் நடந்து வந்திருக்கிறான், விளக்கு மின்ன மின்ன.

அம்பிளியைக் குறை சொல்ல ஸுப்ரியாவுக்கு என்ன யோக்கியதை? அவள் மனசெல்லாம் நன்றியாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு, பாவக்காய் தின்ற சரோஜம்மாவுக்கு, முகம் தெரியாத அந்தக் கடைக்காரனுக்குக்கூட.

அம்பிளி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இவனுக்கு வாய் இல்லைன்னு பறஞ்சது நான்தானே டீச்சரே" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திங்களாழ்ச்சை கொண்டுவரேன். கிடங்கில வேற ஆள் வேண்டாம்னு சொல்லிக்கறேன்" என்றாள்.

மகனின் பாதத்தைக் கையில் ஏந்தி, சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தாள். "மோனே, இத்தனை நாளும் அம்மா தந்ததுல வேற என்னெல்லாம்டா உனக்கு வேண்டாமா இருந்துச்சு?"

அபிராம் அவள் மடியிலிருந்து அட்டையை எடுத்து, இன்னொரு தடவை அவள் கையில் வைத்தான். இடது ஷூ இன்னும் காலிலேயே இருந்தது.