மில்லை நிறுத்திய பிறகும்

...அதுவும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டா என்று கேட்டால், ‘கட்டாம நின்னாத்தாம்மா பயப்படணும்’ என்று சிரிக்கிறாள் மகள், பெத்தவளுக்குச் சிரிப்பு வருமா, வடக்குப்பட்டு மாவு மில்லில் மிளகாய் டப்பாவோடு நின்ற கிளாராவுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை, முன்னால் நிற்கும் மரகதத்தின் மருமகள் கோபித்துக்கொண்டு வாலாஜாபாத் போய்விட்டதாகப் பேச்சு, மற்ற நாளாயிருந்தால் ஒரு டப்பா அரைபடுவதற்குள் முழுக்கதையையும் கறந்திருப்பாள், இன்றைக்கு அதுகூட வேண்டாமாம், பாருங்களேன்... கண் போனிலேயே. மத்தியானத்துக்குள் மெசேஜ் போடுகிறேன் என்றாள், அவள் இருக்கிற ஊர் மத்தியானம் நமக்குச் சாயங்காலமாம், ஷிப்ட் பஸ்கூடப் போயாச்சு, சில்வியாவிடமிருந்து ஒரு மெசேஜ் இல்லை. தண்டலத்தில் இன்ஜினியரிங் முடித்த பிள்ளை, ஒரகடத்தில் ஏதாவது கம்பெனியில் ஏசியில் உட்கார்ந்திருக்கக் கூடாதா, பிரான்ஸுக்குப் போய்ப் பனிமலை படிக்கிறாளாம், பனியில் படிக்க என்ன இருக்கிறது... குழி இருக்கிறதாம். வெயிலில் உருகின தண்ணீர் பனிக்கட்டியைத் துளைத்துச் சுழன்று சுழன்று இறங்குகிற குழி, நீலமாக இருக்குமாம், அடி தெரியாதாம், அதன் ஓரத்தில் நின்று இவள் ஏதோ கருவியை இறக்கணுமாம். அதற்குப் பேர் மூலேன். ‘அப்டின்னா இன்னாடி?’ ‘மாவு மில்லும்மா, பிரெஞ்சுல மில்லுக்கு அதான் பேரு. தண்ணி சுத்திக்கினு எறங்கற சத்தம் மில்லு ஓடற மாதிரி கேக்கும், அந்த ஊரு ஜனங்க அதையே பேரா வெச்சுட்டாங்க.’ மில்லாம் மில்லு, நம்ம மில் மாவைத் திருப்பித் தருகிறது, அது எதைத் தரும்... பயத்தை மறைக்கத்தான் தெரிந்த பேராக வைத்தார்களோ? இவளுக்கா பயமில்லை? சின்னதில் இதே மில்லுக்குள் கால் வைக்கமாட்டாள், வாசலிலேயே நின்று இரண்டு கையாலும் காதைப் பொத்துவாள், எடுப்பாள், பொத்துவாள், பயந்தாங்கொள்ளி என்று தெருவெல்லாம் சொல்லி வைத்ததே கிளாராதான், அந்தப் பயந்தாங்கொள்ளியா இப்போது...

போன் அதிர்ந்தது. வாய்ஸ் மெசேஜ். காதில் வைத்தால் மில் சத்தத்தில் ஒரு எழுத்து விழவில்லை. “பாண்டி, மெஷின நிறுத்துய்யா!” மில் நடத்தும் இசக்கிபாண்டி திருநெல்வேலிப் பக்கத்து ஆள், “யக்கா, பாதி மொளகா வத்தல் உள்ள கெடக்கே!” “எம்பொண்ணு குழியாண்ட நிக்கிறாடா, நிறுத்துன்றேன்!” பெல்ட் தளர்ந்து நின்றது. “எந்தக் குழிடி? என்னாண்ட சொல்லவேல்ல?” என்று மரகதம் காதை நீட்டினாள், ஊர்க்கதை சேர்ப்பவள் வீட்டிலேயே கதை என்றால் விடுவாளா. ஸ்பீக்கரில் சில்வியா: “அம்மா, வேல முடிஞ்சுது, எல்லாரும் பத்திரமா கேம்ப்புக்கு வந்துட்டோம். அந்தக் குழியாண்ட ரெக்கார்ட் பண்ணது ஒண்ணு கீது, கேளு.” அப்புறம் கடகடவென்று ஓர் இரைச்சல். பாண்டி திரும்பி சுவிட்சைப் பார்த்தான். “நான் அமத்திட்டேனேக்கா!” மாதாவே... கிளாரா அரிசி மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள், அழுகையோடு சிரிப்பு, சிரிப்போடு தும்மல், மூச்சு வந்ததும் முதல் வார்த்தை, “அது கெடக்கட்டும் மரகதம், உம் மருமவ எப்ப வரா?”

மரகதம் பதில் சொல்வதற்குள் பாண்டி மெஷினைப் போட்டுவிட்டான். டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு கிளாரா வாசலுக்கு வந்தாள், நெடி தாங்கவில்லை என்றுதான் வந்தாள், யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காதைப் பொத்தினாள், எடுத்தாள், பொத்தினாள், மில் சத்தம் அமுங்கிப் பொங்கி, அமுங்கிப் பொங்கி, தண்ணீர் மாதிரி... பயந்த பிள்ளை பொத்தும், சரி, எதற்கு எடுக்கணும்?