லைசென்ஸ் தேவையில்லை என்று ஒரு கடிதம்

1986இல் இந்த நாட்டில் நாய் வளர்க்க லைசென்ஸ் வேண்டும். தொலைக்காட்சி பார்க்க லைசென்ஸ் வேண்டும். ஆற்றங்கரையில் சும்மா தூண்டிலோடு உட்காரவும் லைசென்ஸ் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் கழுத்தருகே சவரக்கத்தியைக் கொண்டுபோக மட்டும் ஒன்றும் வேண்டாம். இந்தச் சுதந்திரம்தான் என் அறைத்தோழன் இராஜேந்திரனின் கல்யாணத்தைக் குழப்பப் பார்த்தது.

இராஜேந்திரன் கணக்காளராவதற்குப் படிக்க வந்தவன். ஒரே பரீட்சையில் மூன்று தடவை தவறிய பிறகு, தன் கைக்கு எழுத்தை விடக் கத்தரிக்கோல் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தான். கண்டுபிடித்தது என் தலையில். நாலாவது மாதம் என் தலையின் இரண்டு பக்கமும் ஒரே நீளத்துக்கு வந்தன. உடனே அப்டன் பார்க்கில் இரண்டு கதிரை போட்டு ஒரு சலூன் திறந்தான். எதிரே இருந்த வங்கியில் சிவகௌரி வேலை பார்த்தாள். மீதியைச் சொல்லத் தேவையில்லை.

விம்பிள்டனில் இருந்த அவள் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனபோது சாட்சிக்கு என்னையும் கூட்டிப்போனான். கௌரியின் அப்பா ஸ்ரீஸ்கந்தராஜா எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். அவருடைய தலையில் பின்பக்கம் படிக்கட்டு மாதிரி மூன்று தட்டு இருந்தது. இராஜேந்திரன் அதைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.

"தம்பி என்ன வேலை?"

"சலூன் வைச்சிருக்கிறன், அங்கிள்."

"முதலாளியோ?"

"ஓம்."

"அப்ப வெட்டுறது ஆர்?"

"நான்தான்."

தேத்தண்ணீர்க் கோப்பை தட்டுக்குத் திரும்பிப் போனது. ஊரில் யார் எந்த வேலை செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் யாரும் மறக்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா விமானம் ஏறியபோது அதையும் கொண்டுவந்துவிட்டார். இங்கே அவர் ஒரு பெற்றோல் ஷெட்டில் காசாளர். பட்டியல் போட்ட காலத்தில் பெற்றோல் இல்லாதபடியால் அந்த வேலைக்கு ஒரு குறையும் கிடையாது.

ஆனால் அதற்கு முன்பு முப்பத்தொரு வருடம் அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுத்துவேலை பார்த்த லிகிதர். அரசாங்கம் முத்திரை குத்திய எதையும் அவரால் தாழ்வாக நினைக்க முடியாது. ஆகவே ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"லைசென்ஸ் இருக்கோ?"

இராஜேந்திரன் வாயைத் திறக்க முன்பே கௌரி, "இருக்கு அப்பா, கொண்டுவந்து காட்டுவார்" என்றாள்.

"வாற வெள்ளிக்கிழமை நானே கடைக்கு வாறன். இல்லாட்டி பேர்மிங்காமிலை ஒரு டொக்டர் பொடியன்ரை சாதகம் வந்திருக்கு. அதைப் பாப்பம்."

வாசலில் இராஜேந்திரன் கிசுகிசுத்தான். "என்ன லைசென்ஸ்?"

"எனக்கென்ன தெரியும்? போய் எடுங்கோ."

அடுத்த நாள் உள்ளூர்க் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மணி இரண்டு புத்தகங்களைப் புரட்டிவிட்டு, முடி வெட்ட லைசென்ஸ் கிடையாது என்றார்.

"முடிந்துவிட்டதா? மறுபடி எப்போது வரும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான் இராஜேந்திரன்.

"வராது. உங்கள் கடையில் சுடுதண்ணீர் வருகிறதா, துவாய் சுத்தமா என்று ஆள் வந்து பார்ப்பார். அவ்வளவுதான்."

"நான் பரீட்சை வேண்டுமானாலும் எழுதுகிறேன்."

"பரீட்சை இல்லை."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பரீட்சையைக் கெஞ்சிக் கேட்டான், அதுவும் கிடைக்கவில்லை. அம்மணிக்கு இரக்கம் வந்தது. "காது குத்துவீர்களா? அதற்குப் பதிவு உண்டு. சான்றிதழ் தருவோம், சுவரில் மாட்டலாம்."

தன் விரலில் கத்தரி பட்டாலே கீழே உட்கார்ந்துவிடுகிறவன் இராஜேந்திரன். காது, ஊசி, துளி இரத்தம் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தான். கவுன்சில் கதிரையில் உட்கார்ந்தான். நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

எழும்பியதும் சொன்னான்: "அப்படியென்றால், லைசென்ஸ் தேவையில்லை என்று எழுதித் தாருங்கள்."

"தேவையில்லாததைப் பற்றி நாங்கள் கடிதம் எழுதுவதில்லை."

"என் கல்யாணம் இதில் இருக்கிறது."

அம்மணி எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினார்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீஸ்கந்தராஜா டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் விம்பிள்டனிலிருந்து அப்டன் பார்க் வரை வந்து இறங்கினார். கௌரி வங்கியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு நின்றாள். கடிதம் சட்டம் போட்டுக் கண்ணாடிக்கு மேலே தொங்கியது. அவர் முதலில் இலச்சினையைப் பார்த்தார். பிறகு இலக்கம், திகதி, கையொப்பம், முத்திரை. கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"உமக்கு லைசென்ஸ் தேவையில்லை எண்டு எழுதியிருக்கு."

"ஓம் அங்கிள்."

பேர்மிங்காம் டொக்டரின் முகம் எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

"தம்பி, நான் வேட்டைத் துவக்குக்கு லைசென்ஸ் எழுதினனான். லொறிக்கு எழுதினனான். கள்ளுத் தவறணைக்கும் எழுதினனான். தேவையில்லை எண்டு ஒரேயொருக்காத்தான் எழுதினனான். அது கோட்டு நீதவானுக்கு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லைசென்ஸ் ஆரும் எடுக்கலாம். விலக்கு எடுக்கிறவன் வேறை ஆள்."

இராஜேந்திரனுக்கு நேர்மை என்ற கெட்ட பழக்கம் உண்டு. "இல்லை அங்கிள், அது இந்த நாட்டிலை எல்லாருக்கும்..." என்று தொடங்கினான். கௌரி அவன் காலை மிதித்தாள்.

"தம்பி, எனக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியும்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "சட்டம் எல்லாருக்கும்தான். ஆனா கடதாசி உம்மட்டை மட்டும்தானே இருக்கு? என்ரை மச்சான் பாலேந்திரா கோயில்லை நாலு பேருக்கு முன்னாலை வைச்சுக் கேப்பான், மருமேன் என்ன வேலையெண்டு. அப்ப எடுத்துக் காட்ட எனக்கு ஒண்டு வேணும். இதிலை ரெண்டு கொப்பி அடியும்."

கௌரி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுக் கதிரையில் ஏறினார்.

"பின்னுக்குக் கொஞ்சம் சரிபண்ணும். காது கவனம்."

ஐந்து நாளாகக் கேட்கத் துடித்த கேள்வியை இராஜேந்திரன் இப்போது கேட்டான். "இதை இவ்வளவு நாளும் ஆர் அங்கிள் வெட்டினது?"

"கனகாம்பிகை. என்ரை மனுசி." கண்ணாடியில் தன் தலையைத் துயரத்தோடு பார்த்தார். "அவவுக்கும் லைசென்ஸ் இல்லை."

கார்த்திகையில் கல்யாண எழுத்து, அதாவது பதிவு, வைத்தார்கள். திகதி குறிக்கப் போனபோது பதிவாளர் இரண்டு வழி இருக்கிறது என்றார்: வெறும் சான்றிதழோடு பதியலாம், அல்லது சான்றிதழும் லைசென்ஸுமாகப் பதியலாம், இரண்டாவதுக்குக் கட்டணம் அதிகம், அவசரக்காரருக்குத்தான் அது. யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. ஆனாலும் ஸ்ரீஸ்கந்தராஜா மாப்பிள்ளையை முந்திக்கொண்டு, "லைசென்ஸ்" என்றார்.

இராஜேந்திரன் இந்த நாட்டில் எடுத்த முதல் லைசென்ஸ் அது. அதையும் சட்டம் போட்டுக் கடையில் மாட்டச் சொல்லி மாமனார் கேட்டுப் பார்த்தார். கௌரி விடவில்லை.