மொட்டைத் தலைக்குச் சாட்சி

வேறு எந்த ஊரிலாவது ஒரு பிள்ளைக்கு மொட்டையடித்தால், பேன் இருந்திருக்கும், சிரங்கு வந்திருக்கும் என்று பேசாமல் போவார்கள். திருத்தணியில் அடித்தால் அது முருகனுக்குத்தான். அதுவும் வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளையின் தலை என்றால் கேட்கவே வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின அந்த லெந்து நாட்களில் என் பிள்ளையின் தலையை வைத்துக்கொண்டு எங்கள் சபை என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே, நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

என் பேர் குப்பம்மாள். ஞானஸ்நானப் பேர் ரூத்து. அந்தப் பேரைச் சொல்லி என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. நானும் என் வீட்டுக்காரர் பரசுராமனும் சபையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஜப்பான்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். அவர் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் ரோடு போடப் போயிருந்தார். நான் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அவர் லீவில் வந்ததும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று தள்ளிப்போட்டு, லீவே கிடைக்காமல், கடைசியில் ஈஸ்டருக்கு என்று முடிவாகியிருந்தது.

அந்த வெயிலில் பிள்ளைக்குத் தலை முழுக்க வேனல் கட்டி. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மருந்தைக் கொடுத்து, "முடிய எடுத்துட்டுத் தடவும்மா. முடியோட தடவினா ஒண்ணுக்கும் ஒதவாது" என்றார். இந்த ஊரில் முடியெடுக்கிறவர்கள் எங்கே இருப்பார்கள்? மலையடிக் குளத்தங்கரையில்தான். போனேன். அங்கே முடியெடுக்கிறவர் ஒருத்தர் அழகாகத்தான் எடுத்தார். எடுத்த கையோடு, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், கிண்ணத்துச் சந்தனத்தை அள்ளித் தலை நிறைய அப்பிவிட்டார். அவருக்கு அது கைப்பழக்கம். கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் படியேறிப் போய்விட்டார்.

அப்போதுதான் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. கண் மேலே சொருகிவிட்டது. வாயில் நுரை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. போய்விட்டான் என்றே நினைத்தேன். ஐயோ, ஞானஸ்நானம் இல்லாமல் போகிறானே! ஞானஸ்நான வகுப்பில் உபதேசியார் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது: ஐயர் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) இல்லாத இடத்தில் பிள்ளை சாகக் கிடந்தால், விசுவாசி யாரானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், அது செல்லும். குடுகுடுவென்று படியிறங்கி, குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளி மூன்று தடவை அவன் தலையில் ஊற்றினேன். சொல்ல வேண்டிய வார்த்தையைக் கத்திச் சொன்னேன். சிமியோன் என்று பேர் வைத்தேன். என் வீட்டுக்காரருக்குத் தாவீது என்று வைக்கத்தான் ஆசை; அந்த நேரத்தில் என் வாயில் வந்தது சிமியோன்.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. சந்தனம் கரைந்து முகத்தில் வழிய, பிள்ளை வீல் என்று அழுதான். எனக்கு உயிர் வந்தது. அந்தண்டைப் படியில் முக்காடு போட்ட ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனை கத்தியும் எட்டிப் பார்க்காத கல்நெஞ்சக்காரி யாரோ என்று மனசுக்குள் வைதுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் புதன்கிழமை. லெந்து காலத்தில் புதன் சாயங்காலம் எங்கள் வேதக்கோயிலில் இயேசு பட்ட பாடுகளின் சரித்திரம் வாசிப்பார்கள். வெள்ளிக்கிழமை ஒரு வேளைப் பட்டினி, யாராவது ஒருத்தர் வீட்டில் பெண்கள் ஜெபம். ஞாயிற்றுக்கிழமை, உலை வைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்த கைப்பிடி அரிசியைக் கொண்டுபோய்க் கோயில் பானையில் கொட்ட வேண்டும். பூ வைக்கக் கூடாது, கலர் சேலை கூடாது. அரக்கோணத்திலிருந்து ஐயர் எப்போதாவதுதான் ரயிலேறி வருவார். அவர் வராத நாளெல்லாம் மாசிலாமணி உபதேசியார் ராஜ்யம்தான்.

நடந்ததைச் சொல்லலாம் என்று நான் சந்தோஷமாகப் போனால், உபதேசியார் கோயில் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"கொளத்துக்குப் போனியாமே, குப்பம்மா?"

"ஆங், போனேங்க. அதத்தான் சொல்லலாம்னு..."

"மொட்ட அடிச்சி, சந்தனம் பூசி, மூணு வாட்டி தண்ணி ஊத்தினியாமே. புருஷன் பட்டாளத்துலேர்ந்து பொழச்சி வரணும்னு நேத்திக்கடனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டி வந்ததைச் சொன்னேன், இழுப்பு வந்ததைச் சொன்னேன், ஞானஸ்நானம் கொடுத்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "ஊருல வேற தண்ணியே கெடைக்கலையா ஒனக்கு?" என்றார். இழுப்பு என்ன இடம் பார்த்தா வருகிறது?

"சாட்சி இருக்குதா?" என்றார்.

"புள்ளய மடியில போட்டுகினு சாட்சி தேடச் சொல்றீங்களா?"

"வாய் மட்டும் நல்லா இருக்குது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கெழம ஐயரு வராரு. அதுக்குள்ள சபைக்கு முன்னால நின்னு, கொளத்துல வேண்டுதல் செஞ்சேன், தப்புன்னு ஒத்துக்க. அப்பறம் பாக்கலாம். அதுவரைக்கும் ஒனக்கு இராப்போஜன அப்பமும் இல்ல, புள்ளைக்கு ஈஸ்டர்ல ஞானஸ்நானமும் இல்ல."

செய்யாததைச் செய்தேன் என்று எப்படி ஒத்துக்கொள்வேன்? ஒத்துக்கொண்டால் நான் கொடுத்த ஞானஸ்நானம் பொய்யாகிவிடும். பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விட்டபாடில்லை. மறுபடியும் இழுப்பு வந்து, இந்தத் தடவை அவன் போய்விட்டால்? ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குச் சபைக் கல்லறையில் இடம் கிடையாது. ஓடைப் பக்கம் நாய் நரி தோண்டுகிற மண்ணில் புதைக்க வேண்டும். ராத்திரி பகல் நான் நினைத்தது அதைத்தான். அவன் சிமியோன் என்று அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

சபை என்னை விட்டுத் தள்ளி உட்கார ஆரம்பித்தது. பாஞ்சாலி என்று ஒருத்தி, நாளெல்லாம் என்னோடு களையெடுக்கிறவள், "உள்ளதச் சொல்லுடி, பிரார்த்தன பலிச்சா உனுக்குத்தான நல்லது" என்று கண்ணடித்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுபோன கைப்பிடி அரிசியைப் பானையில் கொட்டவிடாமல், தனியாக ஓர் ஓரத்தில் வைக்கச் சொன்னார்கள். அரிசி கிடைக்காத காலம். கூழைக் குடித்துக்கொண்டு எடுத்து வைத்த அரிசி. அதைத் திருப்பி முந்தானையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

யார் சொல்லியிருப்பார்கள்? எல்லார் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தேன். பாஞ்சாலியா? அவள் அன்றைக்குக் கழனியில் இருந்தாள். உபதேசியாரைக் கேட்டால், "கொளத்தங்கர பூக்காரி எங்க வீட்டம்மாகிட்ட சொன்னா" என்றார். நேராகப் பூக்காரியிடம் போனேன். "உபதேசியார் ஊட்டம்மாவா? அவங்கள நான் பாத்தே ரொம்ப நாளாச்சி. வேதக்காரங்க எங்கிட்ட எங்க பூ வாங்குறாங்க?" என்று அவள் கையை விரித்தாள்.

இதில் இன்னொரு கொடுமை என்னவென்றால், சந்தேகம் என்னையும் தொற்றிக்கொண்டது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமத்தையும் சொன்னேனா? பதற்றத்தில் ஒன்றை விட்டுவிட்டேனா? பிள்ளையின் தலையில் மருந்து தடவும்போதெல்லாம் அந்த வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். சரியாகத்தான் வரும். ஆனால் அன்றைக்கும் சரியாக வந்ததா என்று யார் சொல்வது?

அடுத்த வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபத்துக்குப் போய்க் கதவோரம் உட்கார்ந்தேன். வேதம் வாசிக்கிறவள் எப்போதும் உபதேசியார் வீட்டம்மா அம்சா. பொதட்டூர்பேட்டை நெசவுக்காரக் குடும்பம். கல்யாணத்தில் சபைக்கு வந்தவள். அவள் அம்மா வீட்டில் இன்னும் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறார்கள். பிள்ளை இல்லை. படித்தவள், நன்றாக வாசிப்பாள். அன்றைக்கு வந்த பகுதி, இயேசுவின் சீஷன் பேதுரு பயந்துபோய், அந்த மனுஷனை அறியேன் என்று சொல்கிற இடம். இரண்டாம் தடவை அவன் மறுதலிக்கிற இடத்தில் அம்சாவின் குரல் நின்றுபோனது. தண்ணீர் கேட்டாள். குடித்தாள். மறுபடியும் நின்றுபோனது. நிமிர்ந்தவள் நேராக என்னைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் திருப்பலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். குளத்துப் படியில். அடிப்பாவி!

ஜெபம் முடிந்ததும் கோயில் கிணற்றடியில் அவளை மடக்கினேன்.

"அக்கா, பூக்காரி பேரச் சொல்லி என்னைக் கவுத்தீங்களே. முக்காடு போட்டுகினு ஒக்காந்துகினு இருந்தது நீங்கதான? அங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

 அவள் தாம்புக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா நச்சரிச்சிகினே இருந்தாங்க குப்பம்மா. ஒரு வாட்டி முழுகி வேண்டிக்கோ, புள்ள பொறக்கும்னு. சரின்னு போனேன். கால நனைச்சிகினு ஒக்காந்தேன். வேண்டிக்க வாய் வரல. எழுந்து போயிடலாம்னு பாக்கறப்ப நீ ஓடியாந்த."

"நான் சொன்னது காதுல உழுந்ததா, இல்லையா?"

"உழுந்தது. ஒரு வார்த்த விடாம உழுந்தது."

கேளுங்கள், அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைவிட, அப்பாடா, சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று வந்த நிம்மதிதான் பெரிது. அப்புறம் கோபம் வந்தது.

"பின்ன ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"நீ என்னப் பாத்துட்டேன்னு நெனச்சேன். நீ போயி இவருகிட்ட சொல்றதுக்கு முந்தி, உன் மேல நானே சொல்லிட்டா, நீ சொல்றது எடுபடாதுன்னு..."

"வியாழக்கெழம ஐயருகிட்ட நீங்க சாட்சி சொல்றீங்க. இல்லன்னா நான் சொல்றேன், யார் யார் கொளத்துக்குப் போனாங்கன்னு."

"சொன்னா இவரு வேல போயிடும். ஊட்டையும் காலி பண்ணணும். எங்க போவோம்?"

"எம்புள்ள எங்க போவான்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இரக்கமா? எனக்கு ஒரு பொட்டு இரக்கமும் வரவில்லை. அவள் பயத்துக்கு என் பிள்ளையா கிடைத்தான்?

பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் ஐயர் வந்தார். பலிபீடத்துக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தது. பாவ அறிக்கை முடிந்தது. இராப்போஜனத்துக்கு முன்னால் உபதேசியார் எழுந்து என் பிராதைச் சொன்னார். ஐயர் என்னை முன்னே வரச் சொன்னார். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். நான்கு நாட்களாகக் காய்ச்சல் இல்லை. தலையில் கட்டி வற்றி, முடி அரும்பியிருந்தது.

நடந்ததைக் கேட்டுவிட்டு ஐயர் சொன்னார்: "நீ சொல்றது உண்மையானா, அந்த ஞானஸ்நானம் செல்லும். மறுபடியும் கொடுக்கக் கூடாது. ஆனா நான் எதை வெச்சு நம்பறது? கேட்டவங்க யாராவது இருக்காங்களா?"

சபை முழுக்க என் முதுகைப் பார்த்தது. அம்சா பெண்கள் பக்கம் முதல் பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. சரி, நானே உடைக்கிறேன் என்று மூச்சை இழுத்தேன்.

"நான் கேட்டேங்க ஐயா" என்றாள் அம்சா.

எழுந்து நின்றுவிட்டாள். நான் சொன்ன வார்த்தைகளை, வைத்த பேரோடு, ஒன்றுவிடாமல் சொன்னாள். ஐயர் தலையசைத்தார். "அப்ப சிமியோன் சபைப் பிள்ளைதான்" என்றார். தோளில் கிடந்தவனை இறுக்கிக்கொண்டேன்.

"அது சரி" என்றார் ஐயர், அம்சாவைப் பார்த்து. "நீ அந்தக் குளத்துக்கு எதுக்கம்மா போனே?"

பின்னால் குசுகுசுவென்று ஆரம்பித்தது. "ஆமா, இவ எதுக்குப் போனா?" என்று பாஞ்சாலி கேட்பது என் காதிலேயே விழுந்தது. பதினைந்து நாளாக என் முதுகில் ஊர்ந்த கண்களெல்லாம் ஒரு நொடியில் அவள்மேல் தாவின. உபதேசியார் முகம் வெளுத்துவிட்டது. அம்சா வாயைத் திறந்தாள். அவள் நிஜத்தைத்தான் சொல்லப்போகிறாள், அந்த மூஞ்சிக்கு வேறு எதுவும் வராது.

"நான்தாங்க ஐயா கூட்டிகினு போனேன்" என்றேன். "புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, தொணைக்கு வாங்கக்கான்னு நான்தான் கூப்டேன்."

"அப்ப இத்தனை நாள் ஏன் ரெண்டு பேரும் சொல்லலை?"

"எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்லீங்க. கெணத்தடியில யார் கொடம் முந்தி வெக்கிறதுன்னு சண்ட. நான் அவங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். கோவத்துல அவங்களும் ஒண்ணு சொல்லிட்டாங்க. போய்க் கெஞ்சறதுக்கு எனுக்கும் ரோசம்."

அவ்வளவுதான். "அட, குடத்துச் சண்டையா!" என்று ஆண்கள் பக்கம் ஒருத்தர் சிரித்தார். பெண்கள் 'ச்சு' கொட்டினார்கள். ஐயரே சிரிப்பை அடக்கிக்கொண்டு, "லெந்து நாளிலயாம்மா இதெல்லாம்?" என்றார். தொண்டை கிழிய நான் சொன்ன நிஜத்தை நம்ப இத்தனை நாள் ஒரு ஜீவன் இல்லை. இந்தப் பொய்யைக் கேட்டது கேட்டபடி எல்லோரும் நம்பினார்கள். உபதேசியார் மட்டும் நம்பவில்லை. அவர் தன் வீட்டம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்; வாயைத் திறக்கவில்லை.

இராப்போஜனத்துக்குப் போனோம். என்னைத் தள்ளி வைத்தவர்கள் எல்லாரும் வழிவிட்டார்கள். அம்சா என் பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள். அவள் தோள் என் தோளில் பட்டது, அழுதுகொண்டிருந்தாள். பாவ அறிக்கை செய்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, பொய் சொன்ன வாய் இன்னும் காயவில்லை. ஐயர் அப்பத்தை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். நான் வாயைத் திறந்தேன்.