மேனேஜர் தின்ற சிவப்பு நூல்

எங்கள் வீட்டில் பூனைகள் மூன்று. அவற்றுக்கு ஊழியம் செய்ய நானும் என் அக்காவும். நான் பேக்கரி வேன் ஓட்டுகிறேன். விடியலில் ரொட்டி ஏற்றிக்கொண்டு போய்க் கடை கடையாக இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவேன். அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து போர்வை தைக்கிறாள். தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக நறுக்கி, ஒன்றோடொன்று இணைத்து, அதற்கடியில் பஞ்சு பரப்பி, பஞ்சுக்கடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போடுவாள். ஒரு போர்வை முடியப் பல வாரம் ஆகும். அத்தனை வாரமும் அதன்மேல் ஏதாவது ஒரு பூனை படுத்திருக்கும். அக்கா பூனையை எழுப்ப மாட்டாள். பூனை இல்லாத பக்கமாகத் தைத்துக்கொண்டே போவாள்.

மூன்றில் மூத்தவள் மேனேஜர். வேலை எதுவும் செய்யாமல், வேலை நடக்கிற இடத்தில் நட்டநடுவில் உட்கார்ந்து நம்மையே முறைப்பதால் அந்தப் பெயர். அடுத்தவன் கடன்காரன். சாப்பாட்டு நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்பான், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போதாது என்கிற முகத்தோடு போவான். கடைசி, விருந்தாளி. ஒரு மழைக்கு ஒதுங்க வந்தது, இன்னும் கிளம்புகிற வழியைக் காணோம். எனக்குப் பூனை மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடன்காரன் என் காலடியில் வந்து படுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது வேறு விஷயம்.

அக்காவின் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பாதியில் எழுந்து போகவேண்டி வந்தால் ஊசியைப் போர்வையிலேயே குத்தி வைப்பாள். வெறுமனே குத்தமாட்டாள். அதன் காதில் ஒரு சாண் சிவப்பு நூலைக் கோத்துத் தொங்கவிடுவாள். போர்வை என்ன நிறமாக இருந்தாலும் அந்த வால் சிவப்புதான். வால் தெரிந்தால் ஊசி உள்ளே இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை. தன் போர்வையில் ஊசி குத்தியது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை என்பதில் அவளுக்கு நியாயமான தலைக்கனமும் உண்டு.

அந்த வாரம் அவள் தைத்துக்கொண்டிருந்தது பேத்திக்கு. அக்காவின் ஒரே மகளுக்குக் குழந்தை பிறந்து, அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. மகள் இருப்பது மாமியாரோடு, எங்களிடமிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில். அந்த மாமியார் மருந்துக் கடை வைத்திருப்பவர். கையில் எதைக் கொடுத்தாலும் கழுவிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அக்கா அவருக்கு வைத்திருக்கும் பெயர் சோப்பு அம்மா. கல்யாணத்தின்போது அக்கா ஆசையாகத் தைத்துக் கொடுத்த போர்வையை அவர் அத்தனை பேர் முன்னாலும் விரித்து, அதிலிருந்து ஒரே ஒரு பூனை முடியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறந்திருப்பாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

மாப்பிள்ளை தங்கமானவர். கட்டுமான இடத்தில் கிரேன் ஓட்டுகிறார். இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிற வழியில் போர்வையை வாங்கிக்கொண்டு, குளித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலைக்கு ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். அக்கா அப்போதுதான் கடைசி நூலை அறுத்துவிட்டு, ஒரு மூலையை மட்டும் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று இருந்தாள். மாப்பிள்ளை வந்தாயிற்றே என்று, எப்போதும்போல ஊசியைக் குத்திவிட்டு டீ போட எழுந்தாள். டீ கொடுத்துத் திரும்பி வந்து பார்த்தபோது போர்வையில் சிவப்பு எங்கும் இல்லை. மூலையை முடித்துவிட்டோம்போல என்று நினைத்து, மடித்துப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. நான் வேனை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தபோது அக்கா தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மேனேஜர் மீனைத் தொடவில்லை. மீனைத் தொடாத மேனேஜரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. வாயோரம் எச்சில் வடிய, முன்னங்காலால் வாயைத் தேய்த்துத் தேய்த்துவிட்டுக்கொண்டு சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தாள். அக்கா எழுந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்வை ஊசி டப்பாவில் போய் நின்றது. நீளமான ஊசி அதில் இல்லை. பாயை உதறினோம், துணி மூட்டையைக் கொட்டிக் கவிழ்த்தோம். எங்கும் இல்லை.

"அடியே, இவ ஊசிய முழுங்கிட்டாடி," என்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பூனையைக் கூடையில் போட்டு, கூடையை அக்கா மடியில் வைத்து, ரொட்டி வேனை நான் ஓட்டிய ஓட்டத்தை எங்கள் முதலாளி பார்த்திருந்தால் அன்றே சாவியைப் பிடுங்கியிருப்பார். கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு கிளிக்காரர் இருந்தார். கிளி ஓயாமல் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்க முதல்ல போங்க என்று எழுந்து வழிவிட்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

டாக்டரம்மா சின்ன வயது, ஆனால் பதற்றம் என்பது அறவே இல்லாதவர். ஊசி என்றதும் முதலில் எக்ஸ்ரேதான் என்றார். எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு, முந்தானையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூனை மேல் ஆசை கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், ஐயோ அதைப் பிழைக்க வைத்துவிடு என்று யாரிடமோ வேண்டிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் சிரித்தார். "ஊசி எங்கயும் இல்ல. வாயிலயும் இல்ல, வயித்துலயும் இல்ல. நூல் மட்டும்தான் நாக்குக்கு அடியில சுத்திக்கிட்டு இருந்துச்சு. எடுத்துட்டேன். சாயங்காலம் நல்லா சாப்பிடும்."

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மயக்க மருந்தில் நாக்கை நீட்டிக்கொண்டு தூங்கும் மேனேஜரைப் பார்த்து, ஆபீசுக்கு லீவு போட நல்ல வழி கண்டுபிடித்தாய் என்று கேலிகூடச் செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த சின்ன எவர்சில்வர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஒரு சாண் சிவப்பு நூல் ஈரமாகச் சுருண்டு கிடந்தது.

"வால மட்டும்தான் இவ இழுத்துத் தின்னிருக்கா," என்றாள் மெதுவாக. "ஊசி குத்தின எடத்துலயேதான் இருக்கு."

எந்த இடத்தில் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க வேண்டியிருக்கவில்லை. போர்வை காலையிலேயே பேத்திக்குப் போய்விட்டிருந்தது.

மகளுக்குப் போன் போட்டோம். அணைத்து வைத்திருந்தாள். குழந்தை தூங்கும்போது அவளும் தூங்கிவிடுகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை கிரேனில் ஏறிவிட்டால் இறங்கும்வரை போனைத் தொடமாட்டார். மிச்சம் இருந்தது சோப்பு அம்மா. நம்பரைப் போடு என்றேன். அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். ஏதோ ஒரு கோபத்தில் அந்த நம்பரை அவள் அழித்துவிட்டிருந்தாள். வேறு நாளாக இருந்தால் இதற்காகவே அவளோடு ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன். வேனைக் கிளப்பினேன்.

வழியெல்லாம் குழந்தையின் கன்னம் என் கண் முன்னாலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அதைத் தொடவே பயந்து புறங்கையால் தடவிவிட்டு வந்தேன். அந்தக் கன்னத்துக்குப் பக்கத்தில் ஊசி. பஞ்சுக்குள் புதைந்து கிடக்கிற ஊசி, அழுத்தினால் அல்லவா வெளியே வரும்? தாய் போர்த்திவிட்டு, மெதுவாகத் தட்டிக் கொடுப்பாளே, அந்தத் தட்டு போதாதா? சிக்னலில் நின்றபோது அக்கா வாயைத் திறந்தாள்.

"இவ வயித்துலயே இருந்திருக்கலாம்டி."

சொன்னது நாக்கைச் சுட்டதுபோல உடனே குனிந்து, கூடையின் மூடியைத் திறந்து மேனேஜரின் தலையைத் தடவினாள். தடவிக்கொண்டே அழுதாள். அதே எண்ணம் எனக்கும் வந்திருந்தது. நான் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கதவைத் திறந்தது சோப்பு அம்மாதான். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தவர், எங்கள் கோலத்தைப் பார்த்து வழிவிட்டார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் ஓடினாள். பின்னாலேயே நான், கையில் பூனைக் கூடையோடு. வெயிலில் அதை வேனிலேயே விட்டுவிட மனம் வரவில்லை.

குழந்தை தொட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பழைய வேட்டித் துணி கிடந்தது. போர்வை இல்லை. தொட்டிலிலும் இல்லை, கட்டிலிலும் இல்லை. அக்கா குழந்தையின் கை, கால், கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அது முகத்தைச் சுளித்து, ஒரு கொட்டாவி விட்டு, மறுபடி தூங்கிவிட்டது.

சத்தம் கேட்டு மகள் எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவின் கண் தேடுவதைப் பார்த்ததும் அவளுக்கு வேறு பயம் வந்துவிட்டது.

"அம்மா, கோச்சுக்காதம்மா. அவரு கொண்டாந்ததும் அத்தை அத தொவைக்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. பூனை முடி இருக்கும், கொழந்தைக்கு ஆகாதுன்னு சொன்னாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

வேறு ஒரு நாள் இதைக் கேட்டிருந்தால் அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். இப்போது அவள் தொட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்லதாப் போச்சு, நல்லதாப் போச்சு என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மகளோ, அம்மா குத்தலாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அத்தை நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்று வக்காலத்து வாங்க ஆரம்பித்தாள். நான் பூனைக் கூடையைக் கட்டிப்பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றேன். நெஞ்சில் பாலை வார்த்ததுபோல இருந்தது.

"சம்பந்தி, கொஞ்சம் பின்பக்கம் வர்றீங்களா?" என்றார் சோப்பு அம்மா, வாசற்படியில் நின்றபடி.

பின்கட்டில் துவைக்கும் இடம். பெரிய வாளியில் போர்வை ஊறிக் கிடந்தது. சம்பந்தியம்மாள் மகளுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினார். ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அதில் காது மட்டும் வெளியே தெரிய, நீளமான ஊசி செருகியிருந்தது. நீட்டிய கையின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அதையும் மீறிச் சிவப்பு கசிந்திருந்தது.

"கசக்கும்போது கையில ஏறிடுச்சு. உங்க பொண்ணுகிட்ட நான் சொல்லல. பச்ச ஒடம்புக்காரி, கேட்டா ராத்திரியெல்லாம் தூங்கமாட்டா. உங்களையும் ஏதாவது சொல்லிடுவா." பிளாஸ்திரியை அழுத்திவிட்டுக்கொண்டார். "தைக்கிற கைக்கு இது ஒருதரம் நடக்கும். பூனை முடியும் நாலஞ்சு இருந்துச்சு. அது வேற விஷயம்."

அக்கா ஊசியைப் பார்த்தாள், அந்த விரலைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, வாலைப் பூனை தின்றுவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு, விம்மி விம்மி அழுதாள். சம்பந்தியம்மாள், இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே, நான் கீழே வைத்திருந்த கூடையைக் குனிந்து எடுத்து, தண்ணீர் தெறிக்காத மூலையில் கொண்டுபோய் வைத்தார். மூடியின் இடுக்கு வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு கையைக் கழுவினார்.

"அழுதது போதும் சம்பந்தி. இது தண்ணி குடிச்சு கல்லாட்டம் கனக்குது. இந்த வெரல வெச்சுக்கிட்டு என்னால ஒண்டியா பிழிய முடியல. ஒரு பக்கம் பிடிங்க."

எனக்குத் திக்கென்றது. பஞ்சு வைத்துத் தைத்த போர்வையைப் பிழியவே கூடாது. பிழிந்தால் உள்ளே பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும், வாரக்கணக்கில் போட்ட தையல் இழுத்துக்கொண்டுவிடும். அக்கா தன் போர்வையை வாங்குகிறவர்களிடம் பணத்தைத் தொடுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவாள். சொல்லியும் பிழிந்து கெடுத்த ஒரு வாத்தியாரம்மாவுக்கு அவள் அடுத்த போர்வை தைத்துக் கொடுக்கவே இல்லை. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். பேத்திக்குத் தைத்த போர்வையின் ஒரு முனையை வாங்கிக் கையில் நன்றாகச் சுற்றிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி முறுக்கினாள். தண்ணீர் இரண்டு பேர் காலிலும் கொட்டியது.

"உங்க வெரல் வலிக்காம பிடிச்சுக்கோங்க சம்பந்தி," என்றாள். "நான் முறுக்கறேன்."